இரத்தத்தில் மருந்தின் அளவு: நாம் அறிய வேண்டுவன

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற நலவாழ்வுக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக்கெனத் தோன்றிய கழகத்தின் வெள்ளி விழாவில் மருந்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் துணிபு. நம் பாட்டன்மார் மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை இரு கையும் ஏந்தி வாங்கி வந்தார்கள். அது என்ன மருந்து, எத்தனை வேளை உண்பது, உண்டபின் உடம்பில் மாறுதல் தோன்றினால் என்ன செய்வது என்று அவர்கள் கேட்டதில்லை. எழுத்தறியாமை அதற்கு ஒரு காரணம். கேட்டால் கடிந்து விரட்டுவார்களோ என்னும் அச்சம் மற்றொரு காரணம். முதற் காரணத்தைக் கல்வி பெரிதும் நீக்கிவிட்டது. இரண்டாவதை நீக்க வேண்டியவர்கள் இங்குக் கூடியுள்ள இளைஞர்களே. மருந்துச் சீட்டைப் படிக்கவும், படித்ததைப் பற்றிக் கேட்கவும் பயன்படாத கல்வி அரைக் கல்வியே ஆகும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நாம் அறிந்த பழமொழி. அந்த அளவு எது? அது மாத்திரையில் மட்டும் இல்லை. உண்டவரின் இரத்தத்திலும் இருக்கிறது. இதுவே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

ஓர் ஏரியை எண்ணிப் பாருங்கள். வரத்துக் கால்வாய் வழியே நீர் வருகிறது. மதகு வழியே வெளியேறுகிறது. நீர் மட்டம் மிகத் தாழ்ந்தால் கடைமடைக்குப் பாயாது. மிக உயர்ந்தால் கரை உடையும். நம் உடம்பும் இத்தகையதே. விழுங்கிய மருந்து குடலின் வழியே இரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் அதனைச் சிதைக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இவ்விரண்டும் உடம்பின் மதகுகள். மதகு அடைபட்டால் வழக்கமான வரத்தே வெள்ளமாகிவிடும். ஆகவே ஒரே மாத்திரை, ஒரே எண்ணிக்கை, ஒருவருக்கு மருந்தாகவும் மற்றொருவருக்கு நஞ்சாகவும் ஆகக்கூடும்.

இதற்கு நம் சென்னை நகரிலேயே சான்று உண்டு. 1956-இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் ஒன்று நிறுவப்பட்டது. வீட்டில் இருந்தபடியே மருந்துண்ணும் ஏழை நோயாளியும், தனி மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவரைப் போலவே குணமடைய முடியும் என்று 1959-இல் உலகுக்கு எடுத்துக்காட்டிய நிலையம் அது. ஐசோனியாசிட் என்னும் காசநோய் மருந்தை உடம்பு எவ்வளவு விரைவில் செயலிழக்கச் செய்கிறது என்றும் அங்கு ஆராய்ந்தார்கள். தென்னிந்திய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் அம்மருந்தை மெதுவாகவே கழிப்பவர்கள் என்று தெரிய வந்தது. இது குறைபாடன்று, பிறவியில் அமைந்த இயல்பு. ஆனால் மெதுவாகக் கழிப்பவரின் இரத்தத்தில் மருந்து நெடுநேரம் தங்குகிறது. காலில் மதமதப்பும் எரிச்சலும் தோன்ற அவர்களுக்கே வாய்ப்பு மிகுதி. பிரிடாக்சின் எனப்படும் பி-6 வைட்டமினைச் சேர்த்துக் கொடுத்து அதனைத் தடுக்கலாம். கால் எரிகிறது என்று வாய் திறந்து சொன்னால் நீங்கும் துன்பம், சொல்லாமல் இருந்தால் நரம்பைக் கெடுத்துவிடும்.

மருந்துகள் எல்லாவற்றிற்கும் இரத்த அளவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு அழுத்தத்தை அளந்தால் போதும். நீரிழிவு மாத்திரைக்குச் சர்க்கரையை அளந்தால் போதும். பலன் தரும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவாக உள்ள சில மருந்துகளுக்கே இப்பரிசோதனை இன்றியமையாதது. அவற்றுள் நம் மக்களிடையே வழங்கும் சிலவற்றை மட்டும் இங்கு எடுத்துரைப்போம்.

முதலாவது, வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பினைட்டாயின். 1938 முதல் இந்நோய்க்கு வழங்கி வரும் விலை மலிவான மருந்து இது. இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருப்பது பொதுவாகத் தகுந்த அளவு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20-ஐத் தாண்டினால் கண்விழிகள் தாமே இங்குமங்கும் துடிக்கத் தொடங்கும். 30-ஐத் தாண்டினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். 40-ஐத் தாண்டினால் மந்தமும் மனக்குழப்பமும் உண்டாகும். இவ்வாறு தள்ளாடி வருபவரைக் குடிகாரன் என்று ஊரார் இகழ்வதுண்டு. அவர் குடித்தவர் அல்லர், மருந்து மிகுந்தவர்.

இம்மருந்தின் இயல்பு ஒன்றை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். இதனைச் சிதைக்கும் ஆற்றல் கல்லீரலுக்கு ஓர் எல்லைவரையே உண்டு. எல்லையை நெருங்கிய ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 300 மில்லிகிராமை 400 ஆக்கினால், மூன்றில் ஒரு பங்குதான் கூடும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் இரத்த அளவு இரு மடங்கும் ஆகலாம். எனவே 'நேற்று வலிப்பு வந்தது, இன்று ஒன்று கூடக் கொடுப்போம்' என்று வீட்டார் தாமே முடிவு செய்வது ஆபத்து. தள்ளாடுகிறாரே என்று மருந்தை அறவே நிறுத்திவிடுவதும் ஆபத்தே. திடீரென நிறுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே கேடு நேரலாம்.

1968-இல் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. அந்நாட்டில் பினைட்டாயின் உண்டு வந்தவர்கள் பலருக்கு நச்சுக் குறிகள் தோன்றின. அவர்கள் அளவைக் கூட்டவில்லை. குப்பியில் இருந்த மருந்தின் எடையும் மாறவில்லை. மாறியது, மருந்தோடு கலந்திருந்த வெற்றுப் பொடி மட்டுமே. முன்பு கால்சியம் சல்பேட்டைக் கலந்திருந்தார்கள். பின்னர் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைக் கலந்தார்கள். முந்தைய பொடி மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டதால் குடலில் குறைவாகவே கலந்தது. புதிய பொடி முழுவதையும் விட்டுவிட்டது. கடையில் வேறு நிறுவனத்தின் மாத்திரையை மாற்றித் தரும்போது மருத்துவரிடம் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேண்டா.

வலிப்பும் காசநோயும் ஒருங்கே உடையவர்கள் உண்டு. ஐசோனியாசிட் மாத்திரை பினைட்டாயினைக் கழிய விடாமல் தடுத்து அளவை ஏற்றும். உடன் கொடுக்கும் ரிபாம்பிசின் அதற்கு மாறாக அளவை இறக்கும். இரு நோய்க்கும் இரு இடங்களில் மருந்து வாங்குவோர், ஓரிடத்துச் சீட்டை மற்றோரிடத்தில் தவறாது காட்ட வேண்டும்.

இரண்டாவது லித்தியம். பெருங்களிப்பும் பெருந்துயரும் மாறிமாறி வரும் மனநோய்க்கு உரிய மருந்து. இதன் வரலாறே அளவின் வரலாறு. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவில் லித்தியம் குளோரைடைச் சமையல் உப்புக்கு மாற்றாகத் தாராளமாக உண்ட இதய நோயாளிகளுள் சிலர் இறந்தனர். அப்பொருள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. கேட் முதலில் குணப்படுத்திய நோயாளியே அடுத்த ஆண்டில் லித்தியம் மிகுந்து இறந்தார். மருந்தே வேண்டா என்று மருத்துவ உலகம் அஞ்சியது. ஆனால் மெல்போர்ன் நகரில் நோயக், டிரவுட்னர் என்னும் இருவர் இரத்தத்தில் லித்தியத்தை அளந்து அளந்து கொடுத்து, கவனத்தோடு பயன்படுத்த இயலும் என்று 1951-இல் காட்டினர். அளவறியாமை கைவிடச் செய்த மருந்தை அளவறிதல் மீட்டுத் தந்தது.

தொடர்ந்து உண்பவர்க்கு லித்தியம் ஒரு லிட்டர் இரத்த நீரில் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது வழக்கம். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. 2-ஐத் தாண்டினால் பேராபத்து. கை விரல்களில் மெல்லிய நடுக்கம் தகுந்த அளவிலும் இருக்கலாம். ஆனால் குவளையைப் பிடிக்க முடியாத பெருநடுக்கம், வாந்தி, கழிச்சல், தள்ளாட்டம், நாக்குழறல், உறக்க மயக்கம் ஆகியவை நச்சுக் குறிகள். இவை கண்டால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி, அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

இங்கு நம்மவர் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்று உண்டு. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் களத்திலும் செங்கற் சூளையிலும் வியர்வை சிந்துவோர், வயிற்றுப்போக்கு கண்டோர், உப்பைத் திடீரெனக் குறைத்தோர் ஆகியோரின் இரத்தத்தில் அளவு தானே ஏறும். உடல் வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரூபன், டைக்ளோபெனக் போன்றவையும் ஏற்றும். சிறுநீரைப் பெருக்கும் சில மாத்திரைகளும் ஏற்றும். நிழலில் அமர்ந்திருப்பவருக்குப் பொருந்திய அளவு வெயிலில் உழைப்பவருக்குப் பொருந்தாமற் போகலாம். தாம் செய்யும் தொழில் இன்னது என்பதை மருத்துவரிடம் சொல்வது இதனால்தான் தேவையாகிறது.

மூன்றாவது, இதய நோய்க்குரிய டிகாக்சின். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்னும் மருத்துவர் டிஜிட்டாலிஸ் செடியின் இலையை ஆராய்ந்து 1785-இல் நூல் வெளியிட்டார். மிகுதியாகக் கொடுத்தால் வாந்தி, தலைச்சுற்றல், பொருள்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தோன்றுதல், நாடி தளர்தல் ஆகியவை நேரும் என்று அவரே எழுதி வைத்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் குறிகள் அவையே. இதயத் தளர்ச்சிக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நேனோகிராம் வரை போதும் என்பது இன்றைய கருத்து. 2-ஐத் தாண்டினால் நச்சுக்குறி தோன்றும் வாய்ப்பு மிகும். நேனோகிராம் மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் இதன் நுண்மை விளங்கும். முதியோருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருப்பதால் அளவு ஏறும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் தகுந்த அளவே நஞ்சாகும். 'பாட்டிக்குச் சோறு இறங்கவில்லை. வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாமல், அவர் உண்ணும் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். பசியின்மையே முதற் குறியாகவும் இருக்கலாம்.

வேறு சிலவற்றைச் சுருங்கச் சொல்வோம். மூச்சிரைப்புக்குரிய தியோபிலின் 5 முதல் 15 மைக்ரோகிராம் வரை தகும். 20-க்கு மேல் வாந்தியும் படபடப்பும், மேலும் மிகுந்தால் வலிப்பும் வரும். சிப்ரோபிளாக்சசின், எரித்ரோமைசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகள் இதன் அளவை ஏற்றும். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் போடப்படும்போது காதில் இரைச்சல், கேள்வி மந்தம், தலைச்சுற்றல் தோன்றினால் உடனே சொல்ல வேண்டும். இழந்த செவிப்புலன் திரும்பாமலே போகலாம். இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் வார்பரினுக்கு மருந்தை அளப்பதில்லை. இரத்தம் உறையும் நேரத்தை அளப்பார்கள். ஐ.என்.ஆர். என்னும் அந்த எண் பெரும்பாலோர்க்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். ஈறில் இரத்தம், கருத்த மலம், சிவந்த சிறுநீர் ஆகியவை அபாயக் குறிகள்.

இனி, எல்லா வீட்டிலும் இருக்கும் பாரசிட்டமால். காய்ச்சலுக்கும் வலிக்கும் நல்ல மருந்து. முறையாக உண்போர்க்கு இரத்தப் பரிசோதனை வேண்டா. ஆனால் பெரியவர் ஒருவர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் உண்ணலாகாது. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. எடை குறைந்தோரும், மது அருந்துவோரும், ஈரல் நோயுடையோரும் இதனினும் குறைவாகவே உண்ண வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருப்பதால் அறியாமலே இரட்டிப்பாவதுண்டு.

குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்கு உரியது. பத்துக் கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 வரை. கடையில் கிடைக்கும் திரவ மருந்தில் 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்திலோ ஒரே மில்லிலிட்டரில் 100 இருக்கும். அதனைக் கரண்டியால் 5 மில்லிலிட்டர் ஊற்றினால் 500 ஆகிவிடும். புட்டியின் மேல் எழுதியதைப் படித்த ஒருவர் வீட்டில் இருந்தால் இத்தீங்கு நேராது.

மனவேதனையில் மாத்திரைகளை அள்ளி விழுங்கியோர் விஷயத்தில் பாரசிட்டமால் ஏமாற்றும் தன்மையுடையது. முதல் நாளில் குமட்டலைத் தவிர வேறு குறி இராது. 'தேறிவிட்டாள்' என்று வீட்டார் மகிழ்வர். இரண்டு, மூன்று நாட்களில் ஈரல் அழிந்து கண் மஞ்சளாகும். விழுங்கிய 4 மணி நேரத்திற்குப் பின் இரத்தத்தில் அளவைக் கண்டு, அதனைக்கொண்டு மருத்துவர் முடிவு செய்வர். ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமை எல்லையாகப் பல நாடுகளில் கொண்டுள்ளனர். பிரிட்டனில் 2012 முதல் 100. அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்தை 8 மணி நேரத்திற்குள் கொடுத்தால் ஈரலைப் பெரும்பாலும் காத்துவிடலாம். ஆகையால் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் உடனே கொண்டு செல்ல வேண்டும். அப்பெண்ணைத் திட்டுவதற்கு அது நேரமன்று.

பரிசோதனைக்குச் செல்வோர் நேரத்தைக் கவனிக்க வேண்டும். லித்தியத்திற்கு முந்தைய மாத்திரை உண்டு 12 மணி நேரம் கழித்தும், டிகாக்சினுக்கு 6 மணி நேரமாவது கழித்தும் இரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே சென்றால் எண் பொய் சொல்லும். மேலும், அளவை மாற்றினால் இரத்தத்தில் புதிய மட்டம் நிலைபெறச் சில நாட்களாகும். டிகாக்சினுக்கு ஒரு வாரம் ஆகும்.

எண் ஒன்றே முடிவும் அன்று. பினைட்டாயினில் பெரும்பகுதி இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதத்தோடு ஒட்டியிருக்கும். ஒட்டாத சிறு பகுதியே வேலை செய்யும். போதிய உணவின்றி மெலிந்தவர்க்கு அல்புமின் குறைவாக இருந்தால் ஒட்டாத பகுதி மிகும். தாளில் உள்ள எண் சரியாகவே இருக்கும், ஆளோ தள்ளாடுவார். ஆகவே தாளையும் பார்க்க வேண்டும். ஆளையும் பார்க்க வேண்டும்.

ஆளைப் பாராமல் மருந்து கொடுத்த கொடுமையை நம் வரலாறு அறியும். கத்தியவாரில் பிள்ளை பெற்றுக் காய்ச்சலுற்றிருந்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் ஒருத்தியை மருத்துவர் தொட மறுத்தார். வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்து, அவர் கணவனிடம் கொடுத்து, கணவன் மனைவிக்கு வைத்து, அவ்வழியே திருப்பி வாங்கிப் பார்த்து நோயைச் சொன்னார். அப்பெண் இறந்தாள். 1929-இல் 'யங் இந்தியா' இதழில் வெளியான அக்கணவனின் கடிதத்தை அண்ணல் அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்பில் எடுத்தாண்டுள்ளார். அங்கு அளவு எடுக்கப்பட்டது, ஆள் பார்க்கப்படவில்லை. தம்மைப் பார்க்கச் செய்வதும், தம் சொல்லைக் கேட்கச் செய்வதும் நோயாளியின் உரிமை.

நிறைவாக, இளைஞர்கள் தத்தம் தெருவில் செய்யத்தக்கன சில. வீட்டுக்கு ஒரு குறிப்பேடு வைத்து, உண்ணும் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், பரிசோதனை எண் ஆகியவற்றை எழுதி வையுங்கள். மருத்துவரிடம் மூன்று கேள்விகளைப் பணிவோடும் துணிவோடும் கேளுங்கள்: இம்மருந்துக்கு இரத்தப் பரிசோதனை தேவையா? எக்குறி கண்டால் உடனே வர வேண்டும்? இதனோடு எதை உண்ணலாகாது? எவரும் தாமே அளவைக் கூட்டவோ, வலிப்பு மருந்தைத் தாமே நிறுத்தவோ விடாதீர்கள். மருந்து மிகுந்ததென ஐயம் எழுந்தால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108 ஊர்தியை அழைத்து, மாத்திரை அட்டையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். இப்பரிசோதனைகள் எல்லா ஊரிலும் இல்லை; அருகில் எந்த மருத்துவமனையில் உண்டு என்பதை முன்னரே விசாரித்து வையுங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்தது. அந்த எழுத்து, பள்ளிச் சான்றிதழில் மட்டும் நில்லாமல் பாட்டியின் மாத்திரை அட்டை வரை செல்லட்டும்.